வற்றிய குழம்புக்கு எவ்வளவு உப்பு?

அடுப்பில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. உப்பு, புளி எல்லாம் சரியாக இருக்கிறது என்று உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாயிற்று. போன் வந்தது, பேசப் போனீர்கள், திரும்பி வந்தால் குழம்பு பாதியாக வற்றிக் கிடக்கிறது. இடையில் யாரும் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. ஆனாலும் வாயில் வைக்க முடியவில்லை. போனது தண்ணீர் மட்டும், உப்பு போட்டபடி இருக்கிறது. முன்பு சட்டியெங்கும் அலைந்த காய்கள் இப்போது நடுப்பள்ளத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. கரண்டியைப் பழையபடி விட்டுக் கிளறினால் அடி சுரண்டுகிறது. அடுப்பைத் தணிக்காவிட்டால் பிடித்துக்கொள்ளும்.

கோடையில் ஆற்றில் மீன் பிடிக்க லூர் என்னும் போலி இரையைப் போடப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான். லூரின் அளவு, அது தண்ணீரில் விழும் சத்தம், அதன் வயிற்றுக்குள் குலுங்கும் குண்டு, பளபளப்பு, தூண்டில் நரம்பின் தடிமன், கரையில் நிற்கும் ஆளின் நிழல் எல்லாமே நாம் ஆற்றில் போடும் உப்பு. ஐப்பசித் தண்ணீருக்கு அளந்த உப்பைச் சித்திரையில் அப்படியே போட்டால் மீன் துப்பிவிட்டுப் போகும்.

மேட்டூருக்குக் கீழே உள்ள காவிரியை வைத்துப் பார்ப்போம். அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும். மூடிய பிறகு குடிநீருக்கென்று விடுகிற சொற்பம்தான் ஆற்றில் வரும். செக்கானூர் தொடங்கி வரிசையாக இருக்கும் கதவணைகளுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கும். அவற்றுக்குக் கீழே, பவானி, ஈரோட்டுப் பக்கம், பாறை இடுக்கெல்லாம் வெளியே தெரியும். கரூர் தாண்டினால் மணல். மாயனூர்ப் பக்கம் அகண்ட காவிரி என்று பெயர் வாங்கிய ஆறு, ஏப்ரல் மாதத்தில் அந்த அகலத்தில் ஒரு ஓரமாக வாய்க்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் குறையும்போது நான்கு காரியம் ஒரே சமயத்தில் நடக்கிறது. ஆழம் போகிறது, வேகம் போகிறது, வேகம் போவதால் வண்டல் அடியில் படிந்து தண்ணீர் தெளிகிறது, வெயிலில் சீக்கிரம் சூடாகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் வரை கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். மீனோ குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் சூடாக ஆக அதன் உடம்புக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தேவை ஏறும் நேரத்தில் வரத்து இறங்குகிறது. மே மாத உச்சி வெயிலில் மீன் அசையாமல் கிடப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அப்படிக் கிடக்கிற இடம் எது? சட்டியில் காய்கள் நடுப்பள்ளத்தில் சேர்ந்த மாதிரி, ஆற்றில் மீன்கள் மடுவில் சேர்கின்றன. பாறைக்கு அடியில் குடைந்த இடம், பாலத்தூணைச் சுற்றித் தண்ணீர் அரித்த குழி, மரம் சாய்ந்து நிழல் விழும் கரை, மணல் அள்ளிப்போன பள்ளம். முதலில் பார்க்க வேண்டியது மடுவுக்குள் தண்ணீர் நுழையும் வாய். கல்லில் மோதிச் சலசலத்து விழும்போது காற்றும் கலந்து விழுகிறது. ஆக்சிஜன் அங்கேதான் கிடைக்கும், அடித்து வரும் இரையும் அங்கேதான். முக்கால் ஆறு காலியாகக் கிடக்கும்போது மீன் இருக்கும் கால் பங்கைக் கரையில் நடந்தே கண்டுபிடித்துவிடலாம். குறைந்த தண்ணீர் நமக்குத் தரும் ஒரே சலுகை இது. மற்றதெல்லாம் மீனுக்குச் சாதகம்.

விராலுக்கு மட்டும் இந்த ஆக்சிஜன் கணக்கு பொருந்தாது. அது மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கும். ஆகாயத்தாமரை மண்டிய தேங்கல் நீரில் இரவெல்லாம் செடிகளும் சுவாசிப்பதால் விடியும்போது ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். செவுளை நம்பியிருக்கும் கெண்டையும் ஜிலேபியும் அந்த நேரத்தில் மந்தமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்க, விரால் தெம்பாகச் சுற்றும். அதிகாலைதான் எல்லா மீனுக்கும் நல்ல நேரம் என்று சொல்பவர்கள் ஓடும் தண்ணீரை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். தேங்கிய மடுவில் அந்த நேரத்தில் விராலைக் குறிவைப்பதே புத்திசாலித்தனம்.

சரி, உப்பைக் குறைப்பது எப்படி?

வேகமாக ஓடும் கலங்கல் நீரில் மீனுக்கு யோசிக்க நேரம் இல்லை. எதிரே ஏதோ ஒன்று நெளிந்து போகிறது, பிடித்தால் உண்டு, விட்டால் போச்சு. அதனால் அரைச் சாண் நீளத்தில், 15, 20 கிராம் எடையில், கிலுகிலுவென்று குண்டு உருளும் லூரைப் போட்டாலும் பாய்ந்து அடிக்கும். அங்கே பெரிசாக இருப்பதுதான் கண்ணில் படும், சத்தம்தான் காதில் விழும். மெதுவான தெளிந்த நீரில் அதே மீன் லூரின் பின்னாலேயே பத்தடி வந்து, நிதானமாகப் பரிசோதித்துவிட்டு, வாலைத் திருப்பிக்கொண்டு போகும். லூர் பின்னால் கரிய உருவம் ஒன்று தொடர்ந்து வந்து, கால்மாட்டில் திரும்பிப் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

ஆகவே 4 முதல் 6 சென்டிமீட்டர், 3 முதல் 6 கிராம். இதுதான் வற்றிய ஆற்றுக்கான கை அளவு. குண்டு உருளாத, சத்தமில்லாத வகை. நிறம், அந்த மடுவில் ஓடும் சிறு கெண்டைக்குஞ்சின் நிறம்: முதுகு பச்சை கலந்த பழுப்பு, வயிறு மங்கிய வெள்ளி. தண்ணீருக்குள் ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மறையும், அதனால் இந்த நிறம் எடு, அந்த நிறம் எடு என்று கடைக்காரர் ஒரு பாடம் நடத்துவார். ஆழமான நீருக்கு அது உண்மை. இரண்டடித் தண்ணீரில் மறைவதற்கு ஆழம் எங்கே இருக்கிறது? பொழுது சாய்ந்த பிறகு நிறத்தைவிட உருவம்தான் தெரியும். அப்போது கறுப்போ கரும்பழுப்போ போதும்.

மின்னோ என்று விற்கும் குட்டி மீன் உருவத்தைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். பின்லாந்தில் லௌரி ரபாலா 1936இல் செதுக்கிய மிதக்கும் லூரின் வழி வந்தவை இவை. தாடைக்குக் கீழே கண்ணாடி போன்ற ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றி இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தகட்டின் மேல் அழுத்தி லூரை முக்குகிறது. இரண்டு பக்கமும் மாறி மாறி நழுவுவதால் உடம்பு ஆடுகிறது. தகடு நீளமாக, உடம்பின் போக்கிலேயே முன்னால் நீட்டியிருந்தால் ஆழமாகப் போகும். குட்டையாக, செங்குத்தாக இறங்கியிருந்தால் ஒரு அடி, இரண்டு அடியோடு நின்றுகொள்ளும். கோடைக்கு வேண்டியது குட்டைத் தகடு. நீளத் தகட்டை இரண்டடி நீரில் இழுத்தால் கரண்டி அடி சுரண்டும் கதைதான்: மூன்றாவது வீச்சில் லூர் பாறை இடுக்குக்குச் சொந்தம்.

லூர் மிதக்கும் வகையாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் அதுவே. தகடு கல்லில் தட்டும்போது ராடு நுனியில் டொக், டொக் என்று தெரியும். உடனே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். நரம்பு தளர்ந்ததும் லூர் மூக்கைத் தூக்கிப் பின்வாக்கில் ஏறி மேலே வரும். முள் மாட்டாது. இன்னொரு லாபமும் உண்டு. கல்லில் இடித்துத் தடுமாறி மேலே மிதக்கும் அந்த ஒரு நொடியில்தான் பின்னால் வந்துகொண்டிருந்த மீன் அடிக்கும். பதறி, நரம்பை வெடுக்கென்று இழுப்பவர் மீனையும் இழப்பார், லூரையும் இழப்பார். மூன்று கொக்கி முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டிக்கொண்டால் பாறையில் மாட்டுவது இன்னும் குறையும். மீனை அவிழ்த்துவிடவும் எளிது.

ஸ்பின்னர் எடுப்பவர்கள் தகட்டின் அகலத்தைக் கவனிக்க வேண்டும். ஒல்லியான இலைத்தகடு சுழல்வதற்கு வேகம் வேண்டும். ஆறு நின்றுபோன காலத்தில் அந்த வேகத்தை நாமே சுற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். அகலத் தகடு மெதுவாக இழுத்தாலே சுழலும். அகலத் தகட்டில், 0 அல்லது 1 ஆம் எண் போதும். மீன் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும் என்பதால் அதன் பின்னால், அதாவது கீழ்ப்பக்கம் நின்று மேல்நோக்கி வீசி, ஓட்டத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றிக் கொண்டு வந்தால், ஓட்டத்தோடு அடித்து வரும் இரை வருகிற திசையிலேயே லூரும் வரும். ரப்பர் மீன் போடுபவருக்கு ஒரே சொல்: ஈயத்தலை 2, 3 கிராம். அது கல்லாக இறங்காமல் மெல்ல இறங்க வேண்டும். பாதிக் கடி இறங்கும்போதே வரும்.

இப்போது விதிவிலக்கு. செடி மண்டிய ஓரத்தில் விராலுக்குத் தவளை லூர் போடுவதென்றால் மேலே சொன்ன சிக்கனம் செல்லாது. உள்ளே காற்று நிறைந்த ரப்பர் தவளை, முதுகோடு ஒட்டிய இரண்டு முள், செடி மேல் சிக்காமல் தத்தித் தத்தி வரும். நரம்பு தண்ணீருக்குள் இறங்குவதே இல்லை, இலைகளின் மேல் படுத்திருக்கிறது; ஆகவே மீனுக்குத் தெரிவதும் இல்லை. அடித்த மறுகணம் விரால் தண்டுகளுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். அங்கிருந்து செடியோடு பிய்த்து இழுக்க 40, 50 பவுண்ட் தாங்கும் பிரெய்டு என்னும் பின்னல் நரம்பும் விறைப்பான ராடும் வேண்டும். மெல்லிய நரம்பு போட்டு அறுத்துவிட்டால் இரண்டு முள்ளோடு அந்த மீன் செடிக்குள் கிடந்து சாகும். தவளையைச் செடி மேல் இழுத்து வந்து, வெறும் தண்ணீர் தெரியும் ஓட்டையில் நிறுத்துங்கள். அடித்ததும் உடனே இழுக்காமல், அது வாய்க்குள் வாங்கி நரம்பு நகர்வதைப் பார்த்துப் பிறகு கொடுங்கள்.

செந்நிறப் பொடிக்குஞ்சுகள் ஒரு திரளாக மேலே வந்து மூச்சு விடுவதைக் கண்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் அடிக்கும். அடிப்பது பசியில் இல்லை, குஞ்சைக் காக்க. அங்கே மீன் பிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் கிடையாது, ஒரு குடும்பமே போய்விடும்.

செடி இல்லாத தெளிந்த மடுவுக்குத் திரும்புவோம். 4 கிராம் லூரைத் தடித்த நரம்பில் கட்டி வீசினால் பத்தடிக்கு முன்னால் விழும். லூரின் எடைதான் ரீலிலிருந்து நரம்பை இழுத்துக்கொண்டு பறக்க வேண்டும். நரம்பு தடிக்கத் தடிக்க வளையங்களில் உராய்வு கூடும். 10 பவுண்ட் பிரெய்டு, ஆறரை அல்லது ஏழடி லைட் ராடு, அதன் மேல் 2–10 கிராம் என்று அச்சிட்டிருக்கும், 2000 அளவு ரீல். இது போதும். பிரெய்டு கண்ணுக்குத் தெரியும் என்பதால் முன்னால் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கண்ணாடி நரம்பு கட்ட வேண்டும்.

அது நைலானா, ஃபுளூரோகார்பனா என்பதில் பெரிய சண்டையே நடக்கும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53க்கு மேல். நீருக்கு நெருங்கிய எண் உள்ளது குறைவாகத் தெரியும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நரம்பு என்று சொல்லி விற்கும் விலைக்கு அது ஈடில்லை என்பது என் கட்சி. ஃபுளூரோகார்பன் வாங்கத் தகுந்தது வேறு காரணத்துக்காக: கல்லில் உரசினால் சீக்கிரம் அறாது. அதே சமயம் அது நைலானைவிட நன்றாக முங்கும். மிதக்கும் லூருக்கு முன்னால் அதைக் கட்டினால் மூக்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். மேல்நீர் லூருக்கு நைலான், அடியில் போகும் ரப்பர் மீனுக்கு ஃபுளூரோகார்பன் என்று பிரித்துக்கொண்டால் சண்டை தீர்ந்தது.

நரம்பை எவ்வளவு மெலிதாக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. வெந்நீராகக் கிடக்கும் மடுவில் மெல்லிய நரம்பை வைத்துக்கொண்டு மீனைக் கால் மணி நேரம் ஆட்டம் காட்டினால், அது ஓடி ஓடி ஆக்சிஜன் தீர்ந்து, விட்ட பிறகும் பிழைக்காது. தெரியாத அளவுக்கு மெல்லியதாக, சீக்கிரம் கரை சேர்க்கும் அளவுக்கு உறுதியாக இருக்க வேண்டும். ரீலின் பிடியை இறுக்கித் தளர்த்தும் டிராக்கை நரம்பின் தாங்குதிறனில் கால் பங்குக்கு வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். உச்சி வெயிலில் பிடிக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

இதுவரை குழம்புச் சட்டி கணக்கைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது. ஓரிடத்தில் அது கைவிடுகிறது. கத்தரிக்காய் நம்மைப் பார்ப்பதில்லை, மீன் பார்க்கிறது.

தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். ஒளி விலகலால் வரும் விளைவு இது. அந்தக் கூம்பின் கோணம் சுமார் 97 டிகிரி. வட்டத்தின் விட்டம், மீன் நிற்கும் ஆழத்தைப் போல் இரண்டேகால் மடங்கு. அதற்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் ஆற்றின் தரையைப் பிரதிபலித்துக்கொண்டிருக்கும். இரண்டடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு வட்டம் நாலரை அடிதான். ஆழம் குறைந்தால் வட்டமும் சிறுக்கிறதே, நாம் மறைந்துகொள்ளலாமே என்று தோன்றும். அது நடக்காது. வட்டம் எவ்வளவு சிறுத்தாலும் வானமும் கரையும் முழுசாக அதற்குள் இருக்கும். சிறுத்த வட்டத்தால் பாதிக்கப்படுவது மிதக்கும் லூர்தான். வட்டத்துக்குள் வரும்வரை மீனுக்குத் தெரிவது அதன் நீருக்குள் முங்கிய வயிறு மட்டும். ஆகவே ஆழமில்லாத இடத்தில் மேல்நீர் லூரை மீனுக்கு அருகிலேயே கொண்டுபோக வேண்டும். ஆனால் அதன் தலையில் போடக் கூடாது. நாலைந்து அடி தாண்டி வீசி, இழுத்து உள்ளே கொண்டுவர வேண்டும்.

நாம் தப்பிப்பதற்கும் அதே ஒளி விலகலில் வழி இருக்கிறது. நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய பத்து டிகிரிக்குக் கீழ் இருப்பதெல்லாம் வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகத்தான் தெரியும். பத்து மீட்டர் தூரத்தில் அந்தப் பத்து டிகிரி சுமார் ஒன்றேமுக்கால் மீட்டர் உயரம். ஒரு ஆள் நிற்கலாம். ஐந்து மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டால் குந்திக்கொள்ள வேண்டும். மேட்டுக்கரையில் ஏறி நின்று எட்டிப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது. நிழல் தண்ணீரில் விழாத பக்கம் நிற்பது, மணலில் பதமாகக் கால் வைப்பது, செருப்பால் கல்லை உருட்டாமல் இருப்பது: உப்பில் பெரும்பகுதி இப்படிக் காசு செலவில்லாமலே குறைந்துவிடும். ஐந்து லூர் வாங்குவதைவிட முட்டி வலிக்கக் குந்துவது மேல்.

குறைந்த தண்ணீரெல்லாம் தெளிந்த தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. எருமை இறங்கிக் கலக்கிய துறை, பாசி பிடித்துப் பச்சையாகிப்போன குட்டை, ஈரோடு, பள்ளிபாளையம் பக்கம் சாயக்கழிவு வந்து சேரும் ஓடைவாய் என்று பல உண்டு. அங்கே கண் உதவாது. மீன் தன் பக்கவாட்டுக் கோட்டால் அதிர்வை உணர்ந்துதான் வரும். சின்ன லூரே இருக்கட்டும், ஆனால் குண்டு குலுங்குவது, அகலத் தகடு, கொஞ்சம் பிரகாசமான நிறம். சாயக்கழிவு வரும் இடத்தில் மீன் மாட்டினாலும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில் எனக்குச் சம்மதமில்லை.

மணல் அள்ளிய பள்ளங்களை மீண்டும் சொல்லத் தோன்றுகிறது. முட்டியளவு தண்ணீரில் நடந்துகொண்டே இருப்போம், அடுத்த எட்டு தலைக்கு மேல். மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மீன் நிற்கும் இடமும் அதுவே, ஆள் போகும் இடமும் அதுவே. கதவணைக்குக் கீழே நிற்பவர் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தேக்கங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கோ சங்கத்துக்கோ போயிருக்கும், அதையும் விசாரிக்க வேண்டும். மேட்டூருக்கு மேலே, 2022இல் அறிவித்த காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் ராடும் கையுமாகப் போகவே கூடாது. காவிரிக்கே உரிய பெரிய மகசீர் அழிவின் விளிம்பில் இருக்கிறது. வேறெங்காவது தற்செயலாக மாட்டினால் தண்ணீரை விட்டுத் தூக்காமல், ஈரக்கையால் பிடித்து முள்ளைக் கழற்றி அங்கேயே விட்டுவிட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் கடைக்குப் போனால் 40 லூர் உள்ள பெட்டியை மலிவு விலையில் காட்டுவார்கள். அதில் முக்கால்வாசி நீளத் தகடும் கிலுகிலுப்பும்தான், தகடு கோணலாக ஒட்டியிருப்பதும் உண்டு. அதை விட்டுவிட்டு 5 சென்டிமீட்டர் மிதக்கும் மின்னோ இரண்டு, 1 ஆம் எண் ஸ்பின்னர் ஒன்று, சின்ன ரப்பர் மீன் ஒரு பொட்டலம், விரால் உள்ள ஊரென்றால் ஒரு தவளை என்று வாங்குங்கள். மிச்சப் பணத்துக்கு ஒரு போலரைஸ்டு கண்ணாடி. நீர்ப்பரப்பில் கண் கூசும் பளபளப்பை அது வெட்டிவிடும், பாறையும் பள்ளமும் மீன் முதுகும் பளிச்சென்று தெரியும். மடுவுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் பத்து நிமிடம் ராடை மரத்தில் சாய்த்துவிட்டு, அந்தக் கண்ணாடியோடு உட்கார்ந்து எது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு எந்த லூர் என்று முடிவு செய்யலாம்.